மணியாச்சியில் ஒரு வெளிமான்

நான் ஏற வேண்டிய தூத்துக்குடி பாசஞ்சர் இன்னும் வரவில்லை. மணியாச்சி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று ஆண்டெனாவை விரிக்கிறேன். மான்கள் எங்கெல்லாம் போய் மேய்கின்றன என்று அறிய, வல்லநாட்டுக் குன்றில் ஒரு பெண் வெளிமானின் கழுத்தில் சிக்னல் அனுப்பும் ரேடியோ பட்டை மாட்டியிருந்தோம். கோடையிலிருந்து சிக்னலும் இல்லை, மானையும் காணவில்லை. நாய்கள் கொன்றிருக்கும் என்று எங்கள் குழுவில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அவித்த கடலை விற்கும் அக்கா கூடையோடு பக்கத்தில் வருகிறார்.

"ஏம்மா, இங்கன நின்னா டிவி தெரியுதா?"

"இல்லக்கா, ஒரு மானைத் தேடுறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, ஹெட்போனில் டிக், டிக் என்று கேட்கிறது. அதைக் கழற்றி அவர் காதில் வைக்கிறேன்.

"ஏயம்மா, துடிக்குதே! அப்ப உசுரோட இருக்காளா?"

"பட்டை மட்டும் கிடந்தாலும் இந்தச் சத்தம் வரும்க்கா."

அவர் முகம் வாடிவிடுகிறது. சத்தம் கூடும் திசையில் பைனாகுலரைத் திருப்புகிறேன். மழையில் முளைவிட்ட கம்பங்காட்டு ஓரம் மூன்று மான்கள் மேய்கின்றன. ஒன்றின் கழுத்தில் எங்கள் பட்டை. அதன் வயிற்றை முட்டிப் பால் குடிக்கிறது ஒரு குட்டி.

பைனாகுலரை வாங்கிப் பார்த்தவர் கூடையை என் காலடியில் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடுகிறார். வண்டி வந்து நிற்கிறது. ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டுகிறார்.

"அங்கன பாருங்க! எங்க ஊரு மானு, பிள்ளை பெத்திருக்கா!"

ஜன்னலெல்லாம் தலைகள் நீள்கின்றன. வண்டி கிளம்புகிறது. நான் ஏறவில்லை.