கப்பல் தப்பா, கேப்டன் தப்பா

டிப்ளமா முடித்து இராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலைக்கு நான் சேர்ந்த ஆண்டு, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டைட்டானிக் கப்பல் அநேகமாகத் தினமும் மூழ்கியது. எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் ஏதோ வாரப் பத்திரிகையில் அதைப் பற்றிப் படித்திருந்தார். தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடி நாளுக்கொரு காரணம் சொல்வார். நிலக்கரி அறையில் முன்கூட்டியே தீப்பிடித்திருந்தது, தகடுகளை இணைத்த ரிவெட் ஆணிகள் மட்டமானவை, இரும்பு குளிரில் நொறுங்கிவிட்டது. பனிப்பாறை மட்டும் காரணம் என்றால் அவருக்குப் போதாது.

வாதாடுவது அவரும் கிளார்க்கும் நானும். அங்கே என்னைத் தவிர இருந்த ஒரே பெண்ணான டைப்பிஸ்ட் வாய் திறக்கமாட்டாள். அக்காள்மடத்துக்காரி, கிளார்க்கின் தம்பிக்கு நிச்சயமானவள். அலுவலகத்தில் பார்த்துப் பிடித்துப்போய்க் கிளார்க்கே பேசி முடித்த சம்பந்தம். மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் சாமியார் மூன்று முறை அறிவிக்க வேண்டும். மூன்றாம் ஓலைதான் பாக்கி.

அவள் அப்பா முன்பு காரங்காட்டில் இருந்தவர். அங்கே ஆட்களை ஏற்றிப் போன வள்ளம் ஒன்று கவிழ்ந்து பலர் செத்தார்கள். அவர் அதில் பயணியாகப் போய்த் தப்பியவர் என்றுதான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஹெட்டின் காரணங்கள் கப்பலின் கேப்டனிடம் வந்து சேர்ந்தன.

"எல்லாத்தையும் கழிச்சுப் பாத்தா மிஞ்சுறது அந்த ஆளுதான். பனி கெடக்குன்னு தந்தி மேல தந்தி வந்திருக்கு. வேகத்தக் கொறைச்சானா?"

"குடிச்சுட்டுக் கெடந்திருப்பான் சார்," என்றார் கிளார்க்.

இருவரும் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் சட்டென்று நிமிர்ந்தாள்.

"கேப்டன் சொன்னா எல்லாரும் கேட்டுருவாகளா? எங்கய்யாவும் தொண்ட கிழியக் கத்துனாக, இதுக்கு மேல ஏறாதீகன்னு. ஒருத்தராவது எறங்குனாகளா?"

கிளார்க் டிபன் பாக்ஸை மூடினார்.

"ஏறாதீகன்னு உங்கய்யா எதுக்குச் சொல்லணும்? அவரும் ஏறிப்போன ஆளுதானே?"

அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளார்க் விடவில்லை.

"சுக்கான் ஆரு கையில இருந்துச்சு?"

"அட, கேப்டன் மகள இங்கன வச்சுக்கிட்டா நான் பத்திரிகையப் பெரட்டிக்கிட்டிருந்தேன்!" என்றார் ஹெட்.

நான் பென்சிலை எடுத்துக் கப்பலின் குறுக்குச் சுவர்களை வரைந்தேன். சுவர்கள் போதிய உயரம் இல்லை. முன்னறைகள் நிரம்பியதும் உப்பளத்துப் பாத்தியில் வரப்பு வழிவதுபோல நீர் அடுத்த அறைக்கும், அதற்கடுத்த அறைக்கும் போனது. மோதிய பிறகு எந்தக் கேப்டனாலும் காப்பாற்றியிருக்க முடியாது. வள்ளமும் அப்படித்தான், ஆள் கூடி நின்றால் பாரம் மேலேறும், எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தாலே கவிழும், சுக்கானால் ஆவது ஒன்றுமில்லை என்றேன்.

கிளார்க் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கணக்கு சரிதாம்மா. இவுக சொன்ன பொய்யக்கூடப் பொறுத்துக்கலாம். ஆனா அந்தக் கேப்டன் கப்பலோட போயிட்டான். இவரு நீந்தி வந்துட்டாரு." பிறகு அவள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "உங்கய்யாவும் அங்கனயே கெடந்திருந்தா ஞாயித்துக்கெழம ஓலை வாசிச்சிருப்பாக," என்றார்.

மறுநாள் அவள் அப்பா கிளார்க் வீட்டு வாசலில் போய் வெகுநேரம் நின்றாராம். "நீச்சல் தெரிஞ்ச மனுசன், எப்பிடியும் கரையேறிருவாரு," என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டதாம். இதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னவர் கிளார்க்தான். ஓலை வாசிக்கப்படவில்லை.

திங்களன்று அவள் வழக்கம்போல வந்து, மெஷினைத் துடைத்து வேலையைத் தொடங்கினாள். மத்தியானம் ஹெட் புதிதாக ஒன்று கொண்டுவந்திருந்தார். மூழ்கியது அந்தக் கப்பலே இல்லையாம். வேறு கப்பலுக்குப் பெயர் மாற்றி அனுப்பிவிட்டார்களாம். கிளார்க் நம்பவில்லை.

"ஏம்மா கேப்டன் மகளே, நீ என்ன சொல்ற?" என்று ஹெட் டைப்பிஸ்டிடம் கேட்டார்.

அவள் இரண்டு தாள்களுக்கு நடுவில் கார்பனை வைத்து, ஓரங்களைத் தட்டிச் சேர்த்து மெஷினில் ஏற்றினாள்.

"கேப்டன் தப்புதான் சார்."

"அப்பிடிச் சொல்லு," என்றார் ஹெட். கிளார்க் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.