எங்கள் கல்யாணத்தின் இரண்டாவது ரோல்

காக்கநாட்டில் என் ஆபீசில் அஞ்சு என்றொரு பாலக்காட்டுத் தமிழ்ப் பெண் இருக்கிறாள். கழுத்தில் எப்போதும் ஒரு பழைய ஃபிலிம் கேமரா தொங்கும். போன வாரம் என் போனில் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தவள், குடித்துக்கொண்டிருந்த சாயாவை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"அய்யோ சேச்சி! இந்த லுக்குக்குத்தான் நான் ரோல் ரோலா தீத்துட்டிருக்கேன். முகமெல்லாம் பொன்னா, வெள்ளையெல்லாம் பாலா கரைஞ்சு... எப்படி எடுத்தது? எனக்கும் சொல்லித் தாங்க."

ஆரம்பித்தேன். பாதியிலேயே சிரிப்பு வந்து புரையேறி, மேனேஜர் எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. அங்கே முடிக்க முடியாததை உங்களிடம் சொல்கிறேன். ஃபிலிமில் புதிதாகப் படம் எடுக்க வருகிற யாரும் கேட்டுக்கொள்ளலாம். முதல் படி, ஒரு ரோல் முழுசாகப் பாழாக வேண்டும்.

அப்போது எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், ஒரு குடோனுக்குப் பின்சந்தில். குடோனில் சுக்கு மூட்டைகள். இன்றைக்கும் யாராவது சுக்குக் காப்பி போட்டால் எனக்குக் கல்யாண ஞாபகம் வந்து தானாகச் சிரிப்பேன். தலைவலிக்குக் காப்பி கேட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் வேலை. அவருக்கு ஒரே ஒரு ஆசை. "எனக்கும் உங்கம்மாவுக்கும் கல்யாணம் ஆனதுக்கு ஒரு போட்டோ உண்டா? உனக்கு அப்படி ஆக விடமாட்டேன்" என்பார். ஸ்டுடியோக்காரரை வைக்கலாம் என்று அம்மா சொன்னாள். "எதுக்கு? நம்ம செல்வி எடுப்பா" என்று அப்பா சொல்லிவிட்டார். செல்வி என் தங்கை. காலேஜ் சிநேகிதியிடம் கேமரா இரவல் வாங்கியிருந்தாள். அதைத் தொட்டு முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

முகூர்த்தம் கோயிலில். செல்வி தூணுக்குத் தூண் ஓடி எடுத்தாள். நடுவில் என் காதருகே வந்து, "அக்கா, ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான், அதைத் தாண்டியும் ரோல் முடியவே இல்ல! நமக்கு நல்ல ராசி!" என்றாள். நானும் மணமேடையில் உட்கார்ந்தபடி அந்த ராசியை நினைத்துப் பூரித்துப்போனேன்.

மறுநாள் படகேறி அக்கரைக்குப் போய், பிராட்வே கடைத்தெருவில் ஒரு கடையில் கழுவக் கொடுத்தாள். கடைக்காரர் நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மோளே, இதில் ஒந்நும் இல்லல்லோ" என்றாராம். ஃபிலிமின் நுனி உள்ளே சக்கரத்தில் மாட்டவே இல்லை. அத்தனை கிளிக்குக்கும் அது டப்பாவுக்குள் சுகமாகத் தூங்கியிருக்கிறது. ரோல் போட்டதும் ஒரு தரம் சுற்று, இடதுபக்கக் குமிழும் கூடவே சுற்றுகிறதா பார். அஞ்சுவிடம் நான் ஒழுங்காகச் சொன்ன பாடம் இது ஒன்றுதான்.

செல்வி அடுப்படியில் உட்கார்ந்து தேம்பினாள். அப்பா அந்த வெற்று நாடாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்து, "மாப்பிள்ளைகிட்ட சொல்லு. வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் கல்யாணம்" என்றார்.

"கோயில்ல வேண்டாம், சாமி குழம்பிப்போகும்" என்றாள் அம்மா. ஆகவே சந்திலேயே, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த குடோன் சுவருக்கு எதிரில். காலையில் எடுப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் தேவராவில் என் வீட்டுக்காரர் வேலை செய்த பட்டறையில் அன்றைக்குப் பார்த்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பட்டுப்புடவையில் நான் பகல் முழுக்க வெந்தேன். அவர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. ஆபீசில் அந்தப் பெண் அஞ்சு உயிரை விடுகிற பொன் வெளிச்சம் அப்படி வந்ததுதான். சாய்வெயில் மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பி எங்கள் முகத்தில் விழுந்தது.

பால் மாதிரிக் கரைகிற வெள்ளைக்குக் காரணம் செல்வியின் பயம். மறுபடி ஒன்றும் விழாமல் போய்விடுமோ என்று ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியே விட்டாள். கலர் ஃபிலிம் அதைத் தாங்கும், குறைந்தால்தான் சேறாகும். ரோலின் மேல் ஃபிலிம் வேகம் இருநூறு என்று இருந்தால் கேமராவில் நூறு வை, போதும்.

மற்றதெல்லாம் கூத்து. கழுத்தில் ஏறிய தாலியை அவிழ்க்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அவர் என் பின்கழுத்தில் சும்மா விரலை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. படத்தை உற்றுப் பார்த்தால் அவர் நகத்தில் கிரீஸ் தெரியும். சித்தப்பா ஊருக்குத் திரும்பிவிட்டதால் பக்கத்து வீட்டுக் கபீர் இக்கா அவர் விட்டுப்போன துண்டைப் போட்டுக்கொண்டு, முகம் தெரியாமல் முதுகைக் காட்டி அவர் இடத்தில் நின்றார். பந்திப் படத்துக்கு எல்லோரும் வெற்று இலையில் பிசைந்தார்கள். "சோறு எவிடெ?" என்று இக்கா கேட்டதும் அப்பா சிரித்த சிரிப்பில் மேல்துண்டு நழுவி இலையில் விழுந்தது. அந்தப் படத்தில் லேசாக ஓர் ஆட்டம் இருக்கிறதே, அது செல்வி குலுங்கியது. போனில் இருக்கிற எந்த ஆப்பும் அதைச் செய்யாது.

அத்தனை படமும் விழுந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா ஆல்பத்தை எடுத்து நீட்டுவார். இரண்டாம் கல்யாணம் என்று மூச்சு விடமாட்டார்.

இன்றைக்கு அந்தக் குடோன் ஒரு கஃபே. சுவரில் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். கபீர் இக்கா இல்லை. அப்பாவும் இல்லை. என் மகளின் கல்யாணத்தில் ஒவ்வொரு படத்தையும் எடுத்த கையோடு பார்த்து, பிடிக்காததை அப்போதே அழித்தார்கள்.

ஆனால் என்னிடமிருந்து போனது வேறொன்று. கோயிலில், நிஜமாகத் தாலி ஏறிய நேரத்தில், அப்பா அழுதார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்பது நினைவிருக்கிறது. கண்ணை மூடி அந்த முகத்தைத் தேடினால், வெற்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிற அப்பாதான் வருகிறார். எனக்காக அழுத அப்பா எந்த ரோலிலும் இல்லை. இப்போது என்னிடமும் இல்லை.