போன் செய்துவிட்டுப் போனேன்

பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் முதலுதவிப் பெட்டியை நிரப்பி, கக்கூஸைக் கழுவ வைப்பதும் என் வேலைதான்.

ஞாபகம் தப்பிய அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தாராபுரம் ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போனேன், முன்தினமே போன் செய்துவிட்டு. எல்லாம் பளிச்சென்று இருந்தது. கட்டில் விரிப்பில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. புதுசு என்று சந்தோஷப்பட்டு அப்பாவைச் சேர்த்தேன்.

மூன்றாம் வாரம் சொல்லாமல் போனேன். ஒரே மூத்திர நாற்றம். அப்பாவின் கையைப் பனியன் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள்.

"அவுத்து உட்டா ரோட்டுக்குப் போயர்றாருங்க. நீங்க ஒரு போன் பண்ணீட்டு வந்திருக்கலாமுங்களே" என்றார் மேனேஜர்.

நான் ஆடிட்டுக்குச் செய்வதைத்தான் அவர்கள் எனக்குச் செய்திருக்கிறார்கள். சேர்த்த அன்றைக்கு அது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

வேறு இரண்டு இல்லங்களைச் சொல்லாமலே போய்ப் பார்த்தேன். அங்கும் இதே கதைதான்.

அப்பா அதே இல்லத்தில்தான் இருக்கிறார்; இப்போது ஞாயிறுதோறும் சொல்லாமல்தான் போகிறேன். கட்டை அவிழ்த்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டுகிறேன். "ஊட்டுக்குப் போலாமா கண்ணு?" என்பார் அப்பா. கிளம்பும்போது நானே மறுபடி கட்டிவிட்டு வருகிறேன், கொஞ்சம் தளர்வாக.