பின்ராசாவின் இடுப்பளவு

உருத்திரபுரத்தில் சட்டை தைக்க வேண்டியவர்கள் நேசமலரிடம் போவார்கள். தைக்க ஒன்றும் இல்லாதவர்களும் நேசமலரிடம்தான் போவார்கள். படலையைத் தள்ளும்போதே, "என்னக்கா புதினம்?" என்றுதான் வாய் திறக்கும். நேசமலர் தையல் மெசினை நிற்பாட்ட மாட்டாள். காலும் ஓடும், வாயும் ஓடும்.

புதினம் என்றதும் தேர்தல், அரிசி விலை என்று நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் அவளுக்குக் கால்தூசு. அவள் சொல்வதெல்லாம் கூத்துக்காரரின் கதைதான். அந்தச் சுற்றுவட்டாரத்துக் கூத்துக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் உடுப்புத் தைக்கிறவள் அவள். ராசாவானாலும் மந்திரியானாலும் அவளுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கத்தானே வேண்டும்? அளவெடுக்கிற நேரம் முழுக்க மனுசர் வாயை மூடிக்கொண்டா நிற்பார்கள்? ஒரு குழுவின் வண்டவாளத்தை மற்றக் குழு வந்து கொட்டிவிட்டுப் போகும். மிச்சத்தை நேசமலர் பொத்தான் வைத்துத் தைத்துவிடுவாள்.

புளியங்குளத்தில் மந்திரி வேஷம் போட்டவர் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே நித்திரையாகிவிட்டார். ராசா கம்பீரமாக, "மந்திரியாரே, நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்க, மனுசன் திடுக்கிட்டு முழித்து, "இன்னும் வாய்க்காலிலை தண்ணி விடேல்லை!" என்றாராம். சனம் சிரிக்கவில்லை, கை தட்டியது. அந்தப் போகம் உண்மையிலேயே தண்ணீர் விடவில்லை.

இன்னொரு குழுவில் ராணியாக ஆடுகிறவருக்கு மகளின் கலியாணம் வந்தது. கலியாணப் படத்தில் மீசை வேண்டுமென்று அதை வழிக்க மறுத்துவிட்டார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நாலு பாட்டும் பாடி முடித்தார். "பாருங்கோவன், புருசனைக் கண்டு என்ன மாதிரி வெக்கப்படுறா!" என்று முன்வரிசைப் பெண்கள் உருகிப்போனார்களாம்.

இப்படித்தான். கைத்தொலைபேசி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். 'கூத்துப் புதினம்' என்று வட்ஸ்அப்பில் ஒரு குழு. பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டு நேசமலர் குரல் பதிந்து விடுவாள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் பழைய கூத்துக்காரர்கள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அவளை வாய்க்காரி என்று சொல்கிறவர்களும் உண்டு. சொல்லட்டும். சண்டை முடிந்து முகாமில் கிடந்தபோது, தண்ணீர் பவுசர் வண்டிக்கு முன்னால் நீள வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்ற சனத்துக்கு இவள்தான் இந்தக் கதைகளைச் சொன்னாள். கூத்துக்கு மிருதங்கம் அடித்த தன் புருசனைச் சண்டையின் கடைசிக் கிழமைகளில் பறிகொடுத்துவிட்டு வந்தவள், அவர் சொன்ன பகிடிகளை அவருடைய குரலிலேயே சொன்னாள். வரிசையில் ஒரு மனுசி சிரித்தாள், பிறகு அழுதாள். அன்று பிடித்த வாய்தான், இன்னும் ஓயவில்லை.

அந்த வாய் ஒரு தரம் வசமாக மாட்டிக்கொண்டது.

உருத்திரபுரத்துக் குழு ஆடுகிற கூத்தில் ராசா ஒருவர், ஆடுகிறவர்கள் மூன்று பேர். சாமத்துக்கு முன்னம் வருகிற இளம் ராசா முன்ராசா. அடுத்தவர் நடுராசா. விடியப்போகும் நேரம் வருகிறவர்தான் பின்ராசா. அவர்தான் கூரை உயரத்துக்கு நட்ட மரத்தில் படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறி, உச்சியில் நின்று வரம் கேட்கிறவர். முதல் இரண்டு பேரையும் சனம் மறந்துபோகும். பின்ராசாவை அடுத்த திருவிழா வரைக்கும் தெருவில் "ராசா" என்றே கூப்பிடும்.

குகதாசன் மீசை அரும்பிய வயதில் முன்ராசாவாக ஆடத் தொடங்கியவன். நடுராசாவாக நின்றே தலை நரைத்தது. போன வருசம்தான் பின்ராசா வேஷம் கைக்கு வந்தது. மரத்தடியைத் தொட்டுக் கும்பிட்டு முதற்படியில் கால் வைத்தான், கொட்டியதே ஒரு மழை! கரண்ட் போனது, பந்தல் சரிந்தது, சனம் பாயைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியது. மனுசன் ஏறவேயில்லை. அந்த நனைந்த உடுப்போடு அவன் வயல்வரம்பில் நடந்து வீட்டுக்குப் போனதைப் பார்த்தபோது, நேசமலருக்கே பகிடி சொல்ல நா எழவில்லை.

இந்த வருசத் திருவிழாவுக்குப் புது வெல்வெட்டில் ராசச் சட்டை. போன வருச அளவுக்கே வெட்டித் தைத்துவிட்டு, போட்டுப் பார்க்கக் கூப்பிட்டாள். குகதாசன் போட்டான். சட்டை அவனைச் சுற்றித் தொங்கியது. அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தால் இடுப்பில் ஐந்து இஞ்சி குறைவு.

"என்னடா தம்பி, ராசா வத்திப்போனார்?"

"வயல் வேலைதானே அக்கா," என்று சிரித்துவிட்டு அவன் போய்விட்டான்.

நேசமலருக்கு அதுவே போதும். பின்னேரமே குரல் போனது: "பிள்ளையள், கேளுங்கோ. எங்கட பின்ராசா அஞ்சு இஞ்சி மெலிஞ்சிட்டார். ராச்சியம் பறிபோன ராசாவும் உப்பிடி மெலிஞ்சிருக்க மாட்டார். இந்த வருசம் ராணி வேஷத்துக்கு உண்மையான பொம்பிளைப்பிள்ளை ஒண்டு வந்திருக்கெல்லே? நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்களே யோசிச்சுக்கொள்ளுங்கோ."

ரொறன்ரோ சிரித்தது. பாரிஸ் சிரித்தது. கூத்தைப் பழக்குகிற சுதாகரன் அண்ணாவியார் மட்டும் சிரிக்கவில்லை. 'அஞ்சு இஞ்சியோ? நாளைக்கு வாறன்' என்று ஒரு வரி போட்டார்.

அடுத்த நாள் காலையில் அவருக்கு முன்னம் குகதாசன் வந்துவிட்டான். உள்ளே வராமல் மோட்டார்சைக்கிளைப் பிடித்தபடி படலையடியில் நின்றான்.

"கதிரையிலை வந்து இரன்."

"இல்லை அக்கா. உங்களோடை கோவமில்லை. ஆனா உந்தக் கதையை விட்டிருக்கக் கூடாது." அவன் நிலத்தைப் பார்த்தான். "கிட்னி ரெண்டும் பழுதாம். வவுனியா ஆசுப்பத்திரியிலை கிளினிக் போறன். அடுத்த மாசத்திலை இருந்து கிழமைக்கு ரெண்டு தரம் ரத்தம் சுத்திகரிக்க வேணுமாம். பேந்து எங்கை கூத்து, எங்கை மரம்? இந்த ஒருக்காத்தான். அண்ணாவியார் அறிஞ்சாரெண்டா என்னை ஏத்த மாட்டார். நிருஷன் ஆயத்தமா நிக்கிறான்."

நடுராசாதான் நிருஷன். நல்ல பிள்ளை, நல்ல குரல். ஆனால் அவனுக்கு இன்னும் எத்தனையோ வருசம் கிடக்கிறது.

"டொக்டர் என்ன சொன்னவர்? மரம் ஏறலாமோ?"

"ஏறாதை எண்டு சொல்லேல்லை."

"நீ கேட்டனியோ?"

"கேக்கேல்லை."

நேசமலருக்கு அவன் கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. தன் நாக்கை நினைக்க வெட்கமாக இருந்தது. "போ, நான் பாக்கிறன்," என்று மட்டும் சொன்னாள். என்னத்தைப் பார்க்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

மத்தியானம் அண்ணாவியார் வந்தார். வந்தவர் நேரே விசயத்துக்கு வந்தார். "நேசம், அந்தப் பெடியனுக்கு ஏதும் நோய் வருத்தமோ? உச்சியிலை வைச்சு ஏதும் நடந்தா நான் அவன்ர பெண்சாதி பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது? உண்மையைச் சொல்லு."

நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால் அவனை ஏறவிட மாட்டார். நேசமலர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அவனுக்கு ஒண்டுமில்லை அண்ணாவியார். நான்தான் அளவைப் பிழையா வைச்சு வெட்டிப்போட்டன். அந்தப் பிழையை மறைக்கத்தான் அவன் மெலிஞ்சிட்டான் எண்டு பகிடி விட்டனான்."

"நீ? பிழையா வெட்டினனி?"

"கண் தெரியுதில்லை. வயசு போகுதெல்லே."

அவள் தைத்துக்கொடுத்த ஒன்றையும் இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அந்த ஒரு கர்வம்தான் அவளிடம் இருந்த சொத்து. பின்னேரம் அதையும் குரலாய்ப் பதிந்து ஊருலகத்துக்கு அனுப்பினாள். வட்ஸ்அப் குழு கெக்கட்டம் விட்டுச் சிரித்தது. 'அக்கா, எங்களுக்கும் ஒரு சட்டை தையுங்கோ, ரெண்டு பேர் ஒண்டாப் போடலாம்' என்று பாரிசிலிருந்து ஒருவன் எழுதினான். அவளும் சிரிக்கிற முகம் ஒன்று போட்டாள்.

மூன்றாம் நாள் ரஜிதா வந்தாள். மகளின் கலியாணத்துக்கு ஏழு பிளவுஸ் தைக்கப் பட்டுத்துணி கொடுத்திருந்தவள். "குறை நினையாதேங்கோ அக்கா. விலை கூடின துணி. உங்களுக்குக் கண்ணும்..." என்று இழுத்தாள். நேசமலர் துணியை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, குசினிக்குள் அடுப்படியில் போய் நின்று அழுதாள்.

அழுது முடித்து வந்து தன் தலையணையைக் கிழித்தாள். பஞ்சை எடுத்து ராசச் சட்டையின் உட்புறத்தில், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் தோளுக்கும் மெல்லிதாக வைத்துத் தைத்தாள். அவன் வந்து போட்டுப் பார்த்தபோது பழைய குகதாசனே நின்றான்.

திருவிழாக் கூத்தன்று கிழக்கு வெளுக்கிற நேரம் பின்ராசா மரத்தடிக்கு வந்தான். மழை இல்லை. முதற்படி ஏறிப் பாடினான். இரண்டாம் படியில் நின்று பாட்டை நீளமாக இழுத்தான். இழுவை முடியும் மட்டும் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். "என்ன பாவம், என்ன உருக்கம்!" என்று சனம் சொன்னது. மூச்சு வாங்குகிறான் என்று தெரிந்தது நேசமலர் ஒருத்திக்குத்தான். ஐயோ அம்மாளாச்சி, அவனை விழுத்திப்போடாதை தாயே என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஏறிவிட்டான். உச்சியில் நின்று வரம் கேட்டுப் பாடினான். வயல்வெளி முழுக்க அந்தக் குரல் போனது. பாட்டு முடிந்ததும் சனம் எழும்பி நின்றது. சுதாகரன் அண்ணாவியார் கண்ணைத் துடைத்தார்.

அத்தோடு இறங்கியிருக்கலாம். குகதாசன் இறங்கவில்லை. ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். உள்ளே தைத்திருந்த பஞ்சு வெளியில் தெரிந்தது. சட்டையில் செருகியிருந்த மைக்கில் அவன் மூச்சு எல்லாருக்கும் கேட்டது.

"ஒரு சொல்லுச் சொல்லவேணும். எனக்குக் கிட்னி பழுது. இனி நான் ஏற மாட்டன். அடுத்த முறை நிருஷன் ஏறுவான், நல்லாப் பாடுவான். எனக்காகத்தான் நேசமலரக்கா பழியைத் தன்ர தலையிலை போட்டவா. அவா பிழையா வெட்டேல்லை. அவான்ர கண்ணுக்கு ஒண்டுமில்லை. பட்டுத்துணியைத் திருப்பி வாங்கினவை, கொண்டுபோய்க் குடுங்கோ."

நேசமலர் சனத்தை விலக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள்.

"இறங்கடா கீழை, விசரா! வாழ்நாளிலை ஒரேயொரு புதினத்தைத்தானடா நான் ஆருக்கும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைச்சிருந்தனான். அதையும் நீ மரத்திலை ஏறி நிண்டு ஊருக்கே சொல்லிப்போட்டியே! இனி நான் என்னத்தைச் சொல்லுறது?"

சனம் சிரித்தது. சிரித்த வாயோடு பலர் அழுதார்கள். உச்சியில் நின்ற குகதாசனும் சிரித்தான். சிரிப்பில் கால் நடுங்கத் தொடங்கியது, மரத்தை இறுக்கிக்கொண்டான், அசைய முடியவில்லை. முதலில் ஓடிவந்தவன் நிருஷன்தான். தன் நடுராசாக் கிரீடத்தைக் கழற்றி நேசமலரின் கையில் கொடுத்துவிட்டு மரத்தில் ஏறி, குகதாசன் அண்ணனின் காலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்து வைத்துக் கீழே கொண்டுவந்தான்.