இல்லை என்பதும் இன்னும் வரவில்லை என்பதும்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கம்ப்யூட்டர் மொழிக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை. ஹைதராபாத்தில், பேகம்பேட்டில் பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்துவோம். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். ஆஸ்பத்திரி லேப்களுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி அது. என் கணவருக்குக் காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத்துறை ஆய்வகத்தில் வேலை. அவரோடு திருநெல்வேலியிலிருந்து வந்த நான் அமீர்பேட்டில் ஒரு கோர்ஸ் முடித்திருந்தேன். புரோகிராம் எழுதும் வேலை கேட்டுப் போனேன்; கையேடு எழுதும் வேலை கொடுத்தார்கள்.

அங்கே ஒருவர் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் கையேடு. என்னைவிட நாலைந்து வயது இளையவர். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். இவர் ஹைதராபாத் பாணியில் ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்பார், வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார். என்னை அக்கா என்று கூப்பிட்டார். என் திருநெல்வேலிப் பேச்சு அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

லேப்பில் இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய விதிகளைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும், சின்ன மாற்றத்துக்கெல்லாம் எஞ்சினியரைத் தேடக் கூடாது. இதுதான் அவருடைய மொழியின் நோக்கம். ‘சர்க்கரை ஐம்பதுக்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கூப்பிடு, இல்லாவிட்டால் ரிப்போர்ட்டை அச்சடி’ என்கிற மாதிரி எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். கம்ப்யூட்டர் அப்படியே செய்யும்.

முதல் அத்தியாயங்கள் சுலபமாக ஓடின. ஒரு நாள் ஒரே வரியில் மாட்டிக்கொண்டேன். பரிசோதனை முடிவு இன்னும் வராமல் காலியாக இருக்கும் இடத்தை அவருடைய மொழி பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அதை எழுதினேன். எழுதியதைப் படித்தால் சிரிப்பு வந்தது. காலி என்றால் முடிவு இன்னும் வரவில்லை என்று மாற்றி எழுதினேன். இரண்டாவது வரி முதல் வரிக்கு நேர்மாறாக இருந்தது. அவர் மேஜைக்குப் போனேன்.

“எனக்கு இந்த வரி எழுத வரமாட்டேங்கு.”

“ஏன்க்கா? காலியா இருந்தா ஜீரோ. அவ்வளவுதானே?”

“ஒருத்தருக்கு சர்க்கரை ஜீரோன்னா அவர் செத்துட்டாருன்னுல்லா அர்த்தம்?”

அவர் சிரித்தார். பெரும்பாலான மொழிகளில் இப்படித்தான், நடைமுறையில் ஒன்றும் ஆகாது என்றார். ஆனாலும் அந்த வாரமே ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் அன்றைய பதிவுகளை வைத்து ஒத்திகை பார்க்கப் போனோம். லேப் பொறுப்பில் இருந்த பெண் டாக்டர் தன் கையாலேயே அந்தச் சர்க்கரை விதியை எழுதினார். ஓட்டினோம். திரை முழுக்க ‘டாக்டரைக் கூப்பிடு’ என்று சிவப்பில் வரிசையாக வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் அபாய அறிவிப்பு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தெலுங்கில், “அய்யோ, அந்தரூ போயாரா?” என்று கேட்டார். எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று.

திரும்பி வரும்போது அவரும் நானும் ஒரே ஆட்டோவில் ஏறினோம். கோபமாக இருக்கிறாரோ என்று பார்த்தேன். கோபம் இல்லை. புதிதாகக் கிடைத்த எதையோ கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவரைப் போல இருந்தது முகம்.

“இல்லைங்கிறது வேற, இன்னும் வரலைங்கிறது வேற. சரி, வரலைன்னு தனியா ஒண்ணு வெச்சுக்கலாம். ஆனா அக்கா, ‘இல்லாவிட்டால்’னு இருக்கே, அது என்ன ஆகும்? சர்க்கரை ஐம்பதுக்குக் கீழேயா, தெரியாது. அப்போ டாக்டரைக் கூப்பிடணுமா, அச்சடிக்கணுமா?”

அன்றிலிருந்து அவர் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் இதையே கேட்க ஆரம்பித்தார். வாசலில் நிற்கிற வாட்ச்மேன், “ஆள் யாருன்னு தெரியலேன்னா உள்ளே விடமாட்டேன்” என்றார். இரானி ஹோட்டலில் டீ கொண்டுவருபவர், “வேணுமான்னு தெரியலேன்னா கொண்டுவந்து வெச்சுடுவேன், வேண்டாம்னா எடுத்துட்டுப் போவேன்” என்றார். நான் என் கணவரிடம் கேட்டேன். “எங்க லேப்ல அளவு வரலைன்னா அன்னைக்கு டெஸ்டே கிடையாது” என்றார் அவர். அந்தப் பெண் டாக்டரோ, “எந்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்தது” என்று சொல்லிவிட்டார்.

ஆளாளுக்கு ஒரு பதில். எனக்கு அது தலைவலியாகப் பட்டது. அவருக்கோ அதுவே விடையாகத் தெரிந்தது.

“எல்லாருக்கும் பொருந்துற பதில் கிடையாதுக்கா. அப்போ மொழி முடிவு பண்ணக் கூடாது. எழுதுறவங்களைக் கேக்கணும்.”

அப்படியே செய்தார். முடிவு வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லாமல் ஒருவர் விதி எழுதினால், மொழி அதை ஏற்காது, ‘வராவிட்டால்?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் ஆபீஸ் புரோகிராமர்களுக்கு அது அறவே பிடிக்கவில்லை. மாமியார் மாதிரி நச்சரிக்கிறது என்றார்கள். லேப்பில் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். என் அத்தியாயமும் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது.

கம்பெனி நிலைக்கவில்லை. வேறொரு கம்பெனி வாங்கியது. அவர்களுக்கு எங்கள் மொழி தேவைப்படவில்லை. அவர் அமெரிக்கா போனார். நான் மாதாப்பூரில் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்து, கையேடுகள் எழுதிக்கொண்டே இருந்தேன். சில வருடங்கள் கழித்து, என் பக்கத்து இருக்கைப் பையன்கள் ஒரு புதிய மொழியைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். அதை உருவாக்கிய மூன்று பேரில் அவரும் ஒருவர் என்று தெரிந்தது. அந்த மொழியும் விடாமல் கேள்வி கேட்குமாம். பையன்கள் அதைப் புகழ்ந்தார்கள்.

பிறகு ஒருமுறை ஹைதராபாத்தில் பேச வந்திருந்தார். கூட்டம் நிரம்பி வழிந்தது. முடிந்ததும் என்னைக் கண்டுபிடித்து, காபி வைத்திருந்த மேஜைக்கு அழைத்துப் போனார். தலை நரைத்திருந்தது. அவர் பேசும் தமிழில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

“அக்கா, நாம கண்டுபிடிச்சதை முன்னாடியே பெரிய பெரிய ஆளுங்க எழுதி வெச்சிருக்காங்க. அங்கே போனப்புறம்தான் தெரிஞ்சது. ரொம்ப நாள் வருத்தமா இருந்தது.”

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா?”

“அவங்க எழுதினதைப் படிச்சுட்டு அப்படியே போட்டிருப்பேன். வாட்ச்மேனைக் கேட்டிருக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். எழுதுபவர் தப்பு செய்தால் மொழி காட்டும் எச்சரிக்கை வாக்கியங்கள் வரிசையாக இருந்தன. படித்துப் பார்க்கச் சொன்னார். படித்தேன். ஒன்றில் நின்றேன்.

“இதுல தப்பு என்னன்னு இருக்கு. இப்போ நான் என்ன செய்யணும்னு இல்லையே?”

“அது மொழிக்கே தெரியாதேக்கா.”

“தெரியாதுன்னு சொல்லிடலாம்லா?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். புகைப்படத்துக்கு அழைக்க வந்த இளைஞரிடம், “நக்கோ, தோடா ருக்கோ” என்று கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். தெரியாது என்பதை எப்படிச் சொன்னால் எழுதுபவர் பயப்படாமல் மேலே போவார் என்று பேச ஆரம்பித்தோம். அவர் ஒன்று எழுத, நான் ஒன்று எழுத, இரண்டையும் அழித்தோம். அவர் விமானத்துக்குக் கிளம்பும்வரை அந்த வாக்கியம் சரியாக வரவில்லை. எனக்கு இன்றுவரை அது பிடிபடவில்லை. அவருக்கு வந்ததா என்று கேட்க வேண்டும்.