வள்ளல் கூட்டிய கடன் கொடுத்தோர் மாநாடு

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு அவர்கள் பிறந்த நாளிலிருந்து தொடங்கும். வள்ளலின் வரலாறோ, மாணவர் விடுதியின் குளியலறை வரிசையில் தோளில் துண்டும் வாயில் பிரஷுமாக அவர் நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பத்தொன்பது வருடங்களைச் சரித்திரம் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அவரிடம் காசே இல்லை.

அன்று கைபேசி ஒரு தடவை சிணுங்கியது. கல்விக் கடனின் அரையாண்டுப் பகுதி நாற்பத்தெட்டாயிரம் அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருப்பதாக வங்கி தெரிவித்திருந்தது. ‘கடன்’ என்ற சொல் அந்தச் செய்தியில் இரண்டு இடங்களில் இருந்தது. வள்ளலின் பார்வை அந்த இரண்டையும் நாசூக்காகத் தாண்டிப் போய் எண்ணின் மேல் உட்கார்ந்துகொண்டது.

அந்தத் தொகை ஆறு மாதத்துக்கானது. சாப்பாடு, புத்தகம், பேருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். கட்டணத்தில் பெரும்பகுதியை வங்கியே நேராகப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிவிடும். மாணவர் தம் பங்காகக் கட்ட வேண்டிய ஒன்பதாயிரத்து அறுநூறு மட்டும் இதிலிருந்துதான் போக வேண்டும். வங்கி மேலாளர் இதையெல்லாம் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு விளக்கியபோது, கவனமாகக் கேட்டவள் அக்கா. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஊரார் ரத்தத்தை ஊசியால் எடுப்பாள். தம்பியின் ரத்தத்துக்கு அவளுக்கு ஊசி தேவைப்பட்டதில்லை.

அடுத்த நாற்பத்தொரு நாட்களை வள்ளல் ஓர் அரசரைப் போல ஆண்டார். ஓடும் வழக்கமே இல்லாத கால்களுக்கு ஓட்டக் காலணி வாங்கினார். காதை முழுசாக மூடும் ஹெட்போன் ஒன்று வந்தது. அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராத வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்கு மூன்றடுக்கு கேக் வரவழைத்தார். அவள் அதை யார் அனுப்பியது என்று கடைசிவரை கேட்கவில்லை. ஒரே சாயங்காலத்தில் பத்தொன்பது பேருக்கு விருந்து வைத்தார். பெற்றோர் வைத்த பெயர் மறைந்து ‘வள்ளல்’ என்ற பட்டம் வந்ததும் அந்த விருந்தில்தான்.

நாற்பத்திரண்டாம் நாள் கணக்கில் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு.

சாமானியர்கள் இந்த இடத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். வள்ளல் கைமாற்று வாங்கினார். அறைத்தோழனான சட்ட மாணவனிடம் (இவனை எல்லோரும் வக்கீல் என்றே அழைப்பார்கள்) வாங்கிச் சீனியருக்குத் தர வேண்டியதைக் கொடுத்தார். மெஸ்காரரிடம் வாங்கி ஜெராக்ஸ்காரம்மாவுக்குக் கொடுத்தார். எதிர் அறை இரட்டையரில் மூத்தவனிடம் இளையவனுக்குத் தெரியாமலும், இளையவனிடம் மூத்தவனுக்குத் தெரியாமலும் வாங்கினார். சொன்ன தேதியில் சொன்ன தொகை திரும்பிப் போனதால், கடன் ஏற ஏற அவருடைய மரியாதையும் ஏறியது. “வாக்குத் தவறாத பையன்” என்று முடிதிருத்துபவர் கத்தரியை ஆட்டி ஆட்டி வாடிக்கையாளர்களிடம் சொல்லிவந்தார். அவரும் ஐந்நூறு கொடுத்திருந்தார்.

இந்த நிலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அடுத்த மாதம் பதினைந்துக்குள் தம் பங்குக் கட்டணத்தைக் கட்டாதவர்கள் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் வங்கி அடுத்த தவணையை நிறுத்தும். நிறுத்திய கையோடு, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு ஜாமீன்தாரரின் வீட்டுக் கதவைத் தட்டும். அதாவது அக்காவின் கதவை.

அன்று மதியமே அக்கா பேசினாள்.

“என்னடா, பீஸ் கட்டணுமாமே, காசு வெச்சிருக்கியா?”

“இருக்குக்கா.”

“சத்தமாச் சொல்லு.”

“இருக்குக்கா!”

“சரி சரி, கத்தாத. இங்க ஒரு தாத்தா பயந்துட்டார்.”

அடுத்த வகுப்பு பொருளாதாரம். வள்ளல் பொருளாதார மாணவர்; அதிலும் பொதுக் கடன் என்ற தாளில் தொண்ணூற்றொன்று வாங்கி வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர். பேராசிரியை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “கழுத்து வரைக்கும் கடன்ல இருக்கிற ஒரு நாடு முதல்ல என்ன செய்யணும்?” என்று கேட்டார். வள்ளல் எழுந்து, “கடன் கொடுத்த எல்லாரையும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல கூப்பிட்டு, முழுக் கணக்கையும் மறைக்காமச் சொல்லணும் மேடம். புதுசா வாங்கிப் பழசை அடைக்கிறதை அன்னைக்கே நிறுத்தணும்” என்றார். “அற்புதம்!” என்றார் பேராசிரியை. வகுப்பே கைதட்டியது. உட்கார்ந்த பிறகுதான் வள்ளலுக்கு வியர்த்தது.

மாநாடு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, விடுதியின் பதினான்காம் எண் அறையில் கூடியது. நிகழ்ச்சி நிரல் எட்டுப் பிரதிகள் எடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பிரதிகளும் கடன்தான். ஜெராக்ஸ்காரம்மாவே கையோடு கொண்டுவந்திருந்தார். அவரும் மெஸ்காரரும் கட்டிலில், சீனியர் நாற்காலியில், இரட்டையர் ஜன்னல் விளிம்பில், முடிதிருத்துபவர் கவிழ்த்த வாளியின் மேல். வக்கீல் தன் சொந்தக் கட்டிலில் படுத்தபடியே கலந்துகொண்டான்.

இரட்டையர் ஒருவரையொருவர் பார்த்து, “நீ எதுக்குடா வந்த?” என்று ஒரே குரலில் கேட்டுக்கொண்டார்கள்.

வள்ளல் எழுந்து நின்று வாசித்தார். மெஸ்காரருக்கு ஐயாயிரத்து நூறு. வக்கீலுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. இரட்டையருக்குத் தலைக்கு மூவாயிரத்து ஐந்நூறு. சீனியருக்கு மூவாயிரம். ஜெராக்ஸ்காரம்மாவுக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது. முடிதிருத்துபவருக்கு ஐந்நூறு. ஆகமொத்தம் இருபத்தோராயிரத்து முந்நூற்றைம்பது. கையிருப்பு முப்பத்தெட்டு. யாரிடம் வாங்கியது யாரிடம் போனது என்பதையும் வாசித்தார். ஒரு வரியைக்கூட விடவில்லை.

சீனியர்தான் முதலில் எகிறினார். “அப்போ போன மாசம் நீ எனக்கு டாண்ணு திருப்பிக் குடுத்தது இவன் காசா? அதைப் பாத்துதானேடா ரெண்டாவது தடவையும் குடுத்தேன்!”

“நல்லவேளை படுத்திருக்கேன். நின்னிருந்தா மயக்கம் வந்திருக்கும்” என்றான் வக்கீல்.

“தம்பி, ஒரு நிமிஷம்” என்று ஜெராக்ஸ்காரம்மா கையை உயர்த்தினார். “போன மாசம் நீ எனக்கு ஒரு ரெண்டாயிரம் அடைச்சியே, அது யார் குடுத்தது?”

“மெஸ் அண்ணன் குடுத்ததும்மா.”

ஜெராக்ஸ்காரம்மா மெல்லத் திரும்பி மெஸ்காரரைப் பார்த்தார். மெஸ்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

“அடுப்பு ரிப்பேருன்னு என்கிட்ட ரெண்டாயிரம் வாங்கினீங்களே, அதா இது?”

“அடுப்பு அன்னைக்கே தானா சரியாயிடுச்சும்மா. காசு சும்மாதானே கிடக்குதுன்னு...”

“அதான் பாத்தேன்! நோட்டுல என் மெஷின் மை அப்பியிருந்துது. அட, யாரோ நம்மள மாதிரியே இன்னொரு ஜெராக்ஸ் கடைக்காரர் குடுத்திருக்கார்போலன்னு நினைச்சேன். என் காசை என்கிட்டயே குடுத்து நல்ல பேர் வாங்கியிருக்கீங்க ரெண்டு பேரும்!”

அறை அதிரச் சிரிப்பு எழுந்தது. கோபமாகவே இருப்பது என்று முடிவு செய்திருந்த சீனியர்கூட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. முடிதிருத்துபவர் வாளியிலிருந்து சரிந்தார். சிரிப்பு அடங்கியதும் வக்கீல் எழுந்து உட்கார்ந்து ஒரு தீர்ப்புச் சொன்னான். அந்த இரண்டாயிரத்தை வள்ளல் இனி மெஸ்காரருக்குத் தர வேண்டாம்; நேராக ஜெராக்ஸ்காரம்மாவுக்கே தரட்டும். மெஸ்காரர் கணக்கு நேராகிவிடும். படுத்துக் கிடந்தவன் ஒரு பைசா செலவில்லாமல் ஒருவரைக் கடனிலிருந்து விடுவித்துவிட்டான். மெஸ்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகுதான் வள்ளல் உண்மையில் கேட்க வேண்டியதைக் கேட்டார். “உங்க எல்லாருக்கும் முன்னாடி நான் பீஸ் கட்டணும். அது வரைக்கும் யாருக்கும் ஒரு காசு தர முடியாது. அது கட்டலைன்னா எங்க அக்காவைத் தேடிப் போவாங்க. கட்டினதுக்கு அப்புறம் ஆறு மாசத்துல எல்லாத்தையும் அடைச்சிடறேன். ஹெட்போனையும் ஷூவையும் வித்துடறேன். வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க, செய்யறேன். கடனா மட்டும் இனிமே குடுக்காதீங்க. கெஞ்சினாலும் குடுக்காதீங்க.”

“கடைசி வரிக்கு நான் முழு ஆதரவு” என்றார் சீனியர்.

மதியப் பந்தியில் பரிமாறினால் மூன்று வேளைச் சாப்பாடு என்றார் மெஸ்காரர். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை கடையில் ஆய்வேடுகளுக்கு பைண்டிங் போட ஆள் வேண்டும், வாரம் தொள்ளாயிரம் என்றார் ஜெராக்ஸ்காரம்மா. “வேலையில தப்பு பண்ணா காது திருகுவேன். வள்ளல்னெல்லாம் பாக்க மாட்டேன்.” மற்றவர்கள் காத்திருக்கச் சம்மதித்தார்கள். மாநாடு இனிதே முடிந்தது, தேநீர் வழங்கப்படவில்லை.

அடுத்த ஆறு வாரங்கள் வள்ளல் வாழ்ந்த வாழ்க்கையை அவருடைய வெள்ளை அறிக்கைகளே சொல்லும். ஒவ்வொரு சனிக்கிழமையும் வரவு, செலவு, மீதி மூன்றையும் எழுதி அறைக்கதவில் வெளிப்பக்கம் ஒட்டினார். முதல் வாரம் அதைப் படிக்க நின்றவர்கள் சிரிப்பதற்காக நின்றார்கள். “சோப்பு பன்னிரண்டாம்! ஊதாரி!” என்று ஒருவன் வராந்தா முழுக்கக் கேட்கும்படி படித்தான். “வள்ளலே, ஒரு டீ!” என்று நடைபாதையில் குரல் கொடுப்பது ஒரு பொழுதுபோக்காயிற்று. “அடுத்த அரையாண்டுக்கு மனுப் போடு” என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டேயிருப்பார். பேருந்தை விட்டுவிட்டதால் உண்மையிலேயே நடந்தார். நான்காம் வாரம் இரண்டு பேர் அந்தத் தாளைச் சிரிக்காமல் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

காலணியும் ஹெட்போனும் நாலாயிரத்து நூறுக்குப் போயின. வாரச் சம்பளத்தில் ஐம்பது கைச்செலவு போக எண்ணூற்றைம்பது எடுத்துவைத்தார். ஆறு வாரம் முடிந்தபோது கையில் ஒன்பதாயிரத்து இருநூறு. கெடுவுக்கு மூன்று நாள். நானூறு குறைந்தது.

வக்கீல் தன் பணப்பையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வள்ளல் அந்தப் பணப்பையை எடுத்து அவன் தலையணைக்கடியில் செருகினார். உள்ளே பெரிய நோட்டுகள் இருப்பது தடவும்போதே தெரிந்தது.

அந்த மூன்று நாளும் ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாட்களாக அமைந்தன. இறுதியாண்டு மொத்தமும் கடை வாசலில் மொய்த்தது. அவசரப் பிரதி ஒவ்வொன்றுக்கும் தனியாக ஐந்து தருவதாக ஜெராக்ஸ்காரம்மா சொல்லியிருந்தார். துளை போட்டு, சுருள் கோத்து, முனை மடித்து வள்ளல் அடுக்கிக்கொண்டே போனார். கட்டைவிரலில் அட்டை விளிம்பு கிழித்ததற்குப் பசைநாடாவைச் சுற்றிக்கொண்டார். இரண்டாம் நாள் சீனியர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

“டேய், மூணு காப்பி, உடனே. நீ எனக்குத் தர வேண்டியதுல கழிச்சுக்கோ.”

“கழிக்க முடியாது அண்ணே. உங்க தவணை தனி. இது கடைக் காசு.”

“என்னடா, எனக்கே ரூல்ஸ் பேசற!”

“உங்களுக்குத்தான் பேசணும். போன தடவை எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துதான் இந்தக் கதி.”

சீனியர் ஒரு கணம் முறைத்தார். பிறகு பணத்தை எடுத்து எண்ணி வைத்தார். “இவன் கையில என் காசு பத்திரமாத்தான் இருக்கும்போல” என்று பின்னால் நின்றவனிடம் அலுத்துக்கொண்டார்.

மூன்று நாளில் தொண்ணூற்றிரண்டு பிரதிகள். நானூற்று அறுபது.

பதினைந்தாம் தேதி காலை கட்டணக் கவுன்டரில் வள்ளல் ஓர் உறையைக் கவிழ்த்தார். பத்தும் இருபதும் ஐம்பதுமாகக் கொட்டியது. காசாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“என்ன தம்பி, யாரோட உண்டியலை உடைச்ச?”

“உண்டியல் இல்ல சார், சம்பளம்.”

காசாளர் இரண்டு தடவை எண்ணினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. வள்ளல் நகரவில்லை. பத்தொன்பது பேர் கைதட்டிய விருந்தில்கூட அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. ரசீதின் மேல் முத்திரை ‘டொப்’ என்று விழுந்தது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டார். கேக்கிலிருந்து மை அப்பிய நோட்டு வரை எல்லாவற்றையும் சொன்னார். அக்கா குறுக்கே பேசவில்லை. அது அவருக்குத் திட்டு வாங்குவதைவிடப் பயமாக இருந்தது.

“முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன்க்கா. இன்னும் இருபத்தோராயிரத்து முந்நூற்றைம்பது பாக்கி. உன் கையெழுத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன் தெரியுமாடா?”

“திட்டியிருப்ப.”

“திட்டிட்டுப் பணம் போட்டு விட்டிருப்பேன். நீயும் வாங்கி இன்னொருத்திக்குக் கேக் வெட்டியிருப்ப.” மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. “ரசீதை போட்டோ எடுத்து அனுப்பு.”

அனுப்பினார். அக்கா இணைப்பைத் துண்டிக்க மறந்திருந்தாள். தூரத்தில் அவள் குரல் கேட்டது. “இங்க பாருங்க, என் தம்பி பீஸ் கட்டியிருக்கான். விரலைக் கிழிச்சுக்கிட்டு சம்பாதிச்ச சொந்தக் காசு!” பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், “எவ்வளவும்மா?” என்று விசாரித்தார். “ஒன்பதாயிரத்து அறுநூறு!”

“அவ்வளவுதானா?” என்றார் அந்த மனிதர்.

“கையை நீட்டுங்க” என்றாள் அக்கா.

அடுத்து வந்த ‘ஆ!’ பல்கலைக்கழகப் படிக்கட்டு வரைக்கும் தெளிவாகக் கேட்டது.