இரண்டே தீக்குச்சி

போர்ட் பிளேர் டெலானிபூரில் எங்கள் அரசுக் குடியிருப்பில் என் வயதுப் பையன்கள் பதினொரு பேர். ஒன்பது பேரின் கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப் இருந்தது. பத்தாமவனுக்குக் கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தார்கள். பதினொன்றாமவன் நான்.

சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவில் சேர்ந்தவர்களுக்குக் கொடுப்பது அந்த ஸ்கார்ஃப். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மின்னி பே கரைக்குப் போய் முடிச்சுப் போடுவார்கள், விசில் ஊதுவார்கள், வரிசையாக நடப்பார்கள். பின்னாலேயே அவர்களுடைய அப்பா அம்மாக்களும் நடப்பார்கள். அந்தப் பிரிவை நடத்திய வங்காளி மேடத்தின் சட்டம் அது. பிள்ளை சேர்ந்தால் குடும்பமும் சேர வேண்டும். சேரும் நாளில் மூவரும் ஒன்றாக ஒரு தேர்வில் தேற வேண்டும்: இரண்டே தீக்குச்சியில் ஒரு தீ மூட்ட வேண்டும். விறகைக் கரையிலேயே பொறுக்கிக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய், காகிதம், பிளாஸ்டிக் மூன்றும் கூடாது. தீ ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

எங்களுக்குத் தேர்வு வந்தது ஜூலையில். ஜூலையில் போர்ட் பிளேரில் தீப்பெட்டியே நமத்துப்போயிருக்கும்.

அப்பா ஒரு அரசு ஸ்டோரில் குமாஸ்தா. கடவுள் இல்லை என்று நினைப்பவர்கள் பலர் உண்டு. அப்பா அதை ஆபீஸ் டீ நேரத்தில் தினமும் சொல்பவர். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார், ஆனால் வாசலுக்கு எதிரே ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எதிர் குவார்ட்டர்ஸ் மாமாவுக்கும் அதே ஆபீஸ். அவர் முருகன் கோயில் கமிட்டிச் செயலாளர். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஒருவரையொருவர் மாற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸே இதில் இரண்டு கட்சி என்று அப்பா சொல்வார். மாமாவின் கட்சியில் ஆபீஸ் முழுவதும் இருந்தது. அப்பாவின் கட்சியில் அப்பாவும் ஒரு மலையாளி டிரைவரும் இருந்தார்கள்.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே அப்பா எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். நோட்டில் முக்கோணம் வரைந்து, ஒரு மூலையில் எரிபொருள், ஒரு மூலையில் வெப்பம், ஒரு மூலையில் ஆக்ஸிஜன் என்று எழுதினார். இந்த மூன்றும் இருந்தால் தீ வந்தே தீரும், நான்காவதாக ஒருவர் தயவும் வேண்டாம் என்று சொல்லிப் பூஜை அலமாரியைப் பார்த்தார். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று காலை மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதலில் ஒரு தெலுங்குக் குடும்பம். இரண்டு குச்சியும் அணைந்தன. அந்தப் பையன் சத்தமில்லாமல் அழுதுகொண்டு ஆட்டோ ஏறினான். அடுத்தது நாங்கள். ஏற்கெனவே சேர்ந்திருந்த குடும்பங்கள் சுற்றி நின்றன. எதிர் குவார்ட்டர்ஸ் மாமா மகனோடு முன்வரிசையில் நின்றார்.

அப்பா சுள்ளிகளைக் கூடாரம் போல அடுக்கி, நடுவில் தேங்காய் நாரைத் திணித்து, முதல் குச்சியைக் கிழித்தார். அது அணைந்தது. ஏன் அணைந்தது என்று எனக்கு விளக்கத் தொடங்கினார்.

"நகருங்க, நான் பாக்குறேன்" என்றாள் அம்மா.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாரை வெளியே எடுத்துப் பிரித்தாள், உதறினாள், திரும்ப வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். பிறகு மிச்சமிருந்த குச்சியை என்னிடம் கொடுத்தாள்.

"நடு நார்ல வை. வேற எங்கயும் வைக்காத."

வைத்தேன். குப்பென்று பற்றியது. ஈர நார் அப்படி வெளிச்சமாக எரிந்து நான் பார்த்ததில்லை. கூடவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் வரும் வாசனை. நிமிர்ந்தேன். அப்பா குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தீக்கு மேலே காட்டிக் கண்களில் ஒற்றிக்கொண்டிருந்தார். மொத்தம் இரண்டு விநாடி இருக்கும். கையைக் கீழே இறக்கியபோது, அது யாருடைய கை என்பதுபோல் அதையே பார்த்தார்.

மேடம் நோட்டை மூடிக்கொண்டு பக்கத்தில் வந்தார். தீயைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கடலைப் பார்த்தாள். கடைசியில் அப்பாவிடம் ஹிந்தியில் கேட்டார்: எதற்காகக் கும்பிட்டீர்கள்?

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு எதிர் குவார்ட்டர்ஸ் மாமாவைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"ஹம் லோக் ஆக் கோ மான்தே ஹைன், மேடம்" என்றார். நாங்கள் தீயைக் கும்பிடுகிறவர்கள்.

எந்தத் தீயாக இருந்தாலுமா என்று மேடம் கேட்டார். ஆமாம் என்றார் அப்பா. கேஸ் அடுப்பைக்கூடவா?

"ஹாங் ஜி."

மேடம் வீட்டிலும் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள், அவருக்கும் மூக்கு இருந்தது என்பதெல்லாம் எனக்கு மிகப் பிற்பாடுதான் தோன்றியது. அன்று அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றார். நோட்டில் என் பெயரை எழுதினார். ஸ்கார்ஃபை என் கழுத்தில் கட்டினார்.

எதிர் குவார்ட்டர்ஸ் மாமா மெதுவாக அப்பாவின் பக்கத்தில் வந்தார். சிரிக்கவில்லை. அதுதான் மோசம் என்று அம்மா பின்னொரு நாள் சொன்னாள்.

"வெள்ளிக்கிழம கமிட்டி மீட்டிங் சார். நீங்க அவசியம் வரணும்."

"வர்றேன்" என்றார் அப்பா.

போனார். திரும்பும்போது அன்னதானப் பொறுப்பாளராக வந்தார். ஆபீஸில் மலையாளி டிரைவர் தனியாகப் போய் டீ குடிக்க ஆரம்பித்தார். அம்மா மட்டும் அப்பாவுக்குக் கேட்காமலே இரண்டாவது காபி கொடுத்தாள். இவை எதையும் நான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. ஸ்கார்ஃபைத் தினமும் துவைத்துப் போடச் சொல்வதிலேயே எனக்குப் பொழுது போனது.

அடுத்த மாதம் கரையில் குடும்ப முகாம். எங்கள் ஊரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். முகாம் தீயை ஏற்றும் பொறுப்பை, புதிதாகச் சேர்ந்தவன் என்பதால், மேடம் என்னிடம் கொடுத்தார். அன்று காய்ந்த விறகு இருந்தது. ஒரே குச்சியில் பற்றியது. சுற்றிலும் முப்பது குடும்பங்கள். பின்னால் எங்களை ஏற்றிவந்த வேன். அதை ஓட்டிவந்த, அப்பா ஆபீஸின் மலையாளி டிரைவர் கதவில் சாய்ந்து நின்றார். அப்பா கூட்டத்தின் கடைசியில், இருட்டில் இருந்தார். அவர் கும்பிட வேண்டிய தீ இது, அவரைத் தவிர எல்லாரும் முன்னால் நிற்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா, தீ வந்திருச்சு. கும்பிட வாங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து வந்தார். ஒரு கையை என் தோளில் வைத்தார். பிறகு அதை எடுத்து, மற்றக் கையோடு சேர்த்துக் கும்பிட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திப் பக்கத்தில் நின்றேன்.

டிரைவர் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். புகைக்காக என்று நினைத்தேன்.